எலக்ட்ரானை வெளிச்சமா நினைச்சு வரைஞ்சு பார்க்குறது எப்படி: கால்சைட் கல்லுல ஆரம்பிச்சு சிலிக்கான் வரைக்கும்

சாலிட் ஸ்டேட் பிசிக்ஸ் புக்கை புதுசா திறக்கிறவங்க எல்லாரும் ஒரு பக்கத்துல போய் முட்டிக்கிட்டு நிப்பாங்க. எஃபெக்டிவ் மாஸ் டென்சர்னு ஒண்ணு வரும், சிலிக்கானுக்குள்ள எலக்ட்ரானோட மாஸ் ஒரு திசையில 0.92, இன்னொரு திசையில 0.19னு போட்டிருக்கும் (கிரிஸ்டலுக்கு வெளிய சும்மா இருக்குற எலக்ட்ரானோட மாஸை 1னு வச்சா), ஒரே எலக்ட்ரான் எப்படிய்யா இந்தப் பக்கம் போனா கனமாவும் அந்தப் பக்கம் போனா லேசாவும் இருக்கும்னு மண்டை காயும். இதுக்கு என்னைக் கேட்டா நல்ல வழி, மாஸை கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு, கால்சைட் கல்லுக்குள்ள வெளிச்சம் எப்படி போகுதுன்னு கையால வரைஞ்சு பார்த்துட்டு, அதே படத்தை எலக்ட்ரானுக்கு திரும்ப வரையறதுதான். இந்த ஒரு படம் கைக்கு வந்துட்டா பேண்ட் தியரியில, அதாவது கிரிஸ்டலுக்குள்ள எலக்ட்ரானுக்கு எந்தெந்த எனர்ஜி இருக்கலாம்னு சொல்ற தியரியில, பாதி பயம் போயிடும்.

இது யாரோ வீடியோவுக்காக கட்டின உவமை இல்ல. அயர்லாந்துக்காரர் ஹாமில்டன் 1820கள்ல ஒளிக்கதிர்களுக்குன்னு ஒரு கணக்கு முறையை உருவாக்கினார், அப்புறம் 1834, 1835ல அதே முறையை தூக்கி துகள்களோட இயக்கத்துக்கு போட்டார், நாம காலேஜ்ல படிக்கிற ஹாமில்டோனியன் அங்க இருந்து வந்ததுதான். 1926ல ஷ்ரோடிங்கர் தன்னோட சமன்பாட்டுக்கு போனதுலயும் இந்த ஒற்றுமைக்கு பெரிய பங்கு உண்டு. அதனால உவமைன்னு சொல்றதே கொஞ்சம் குறைச்சு சொல்றதுதான், கதிர்ங்கற அளவுல ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணே.

தேவையானது கிராஃப் பேப்பர், காம்பஸ், செட் ஸ்கொயர், கால்குலேட்டர், அவ்ளோதான். முடிஞ்சா ஒரு சின்ன கால்சைட் கல் வாங்கிக்கோங்க, ஐஸ்லாண்ட் ஸ்பார்னு தேடினா ஆன்லைன்லயே கிடைக்கும், கூட ஒரு போலரைசர் கண்ணாடி இருந்தா நல்லது. கல் இல்லைன்னாலும் படம் வரையலாம், ஆனா கண்ணால பார்த்தா நம்பிக்கை வரும்.

படி 1: இடம் வேற, திசை வேற

புதுசா வர்றவங்க அதிகம் குழம்புறது இங்கதான். ஒரு மீடியத்துல ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் இடத்துக்கு இடம் மாறலாம், உதாரணமா வெயில்ல ரோட்டுக்கு மேல இருக்குற சூடான காத்து, கானல் நீர் வர்றது அதனாலதான். இல்ல இடம் ஒண்ணா இருந்தாலும் திசைக்குத் திசை மாறலாம், அதுதான் அனைசோட்ரோபி, கால்சைட் அந்த ரகம். ரெண்டும் வேற வேற.

எலக்ட்ரானுக்கு வெறும் எலக்ட்ரிக் ஃபீல்டு மட்டும் இருந்தா அது முதல் ரகம். பொட்டென்ஷியல் இடத்துக்கு இடம் மாறும், ஆனா ஒரு புள்ளியில நின்னுக்கிட்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் இண்டெக்ஸ் ஒண்ணுதான் (எலக்ட்ரானுக்கு இண்டெக்ஸ்னா என்னன்னு அடுத்த படியில வருது). ஃபீல்டுக்கு திசை இருக்கே, அப்போ அனைசோட்ரோபிதானேன்னு நிறைய பேர் கேப்பாங்க, இல்ல, ஃபீல்டு சும்மா இண்டெக்ஸ் எந்தப் பக்கம் ஏறுது இறங்குதுன்னு மட்டும்தான் சொல்லுது. எலக்ட்ரானுக்கு நிஜமான அனைசோட்ரோபி ரெண்டு வழியில வரும், ஒண்ணு அது கிரிஸ்டலுக்குள்ள ஓடும்போது, இன்னொண்ணு மேக்னெட்டிக் ஃபீல்டு இருக்கும்போது. ரெண்டுக்கும் படம் வேற மாதிரி வரும், சேர்த்து குழப்பிக்காதீங்க.

படி 2: இண்டெக்ஸ்னா வேகம் இல்ல, மொமென்டம்

வெளிச்சத்துக்கு இண்டெக்ஸ் கூடினா வேகம் குறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். எலக்ட்ரானை 100 வோல்ட் பகுதியில இருந்து 400 வோல்ட் பகுதிக்குள்ள அனுப்பினா அது நார்மல் (எல்லைக்கு செங்குத்தான கோடு) பக்கமா வளையும், அதாவது இண்டெக்ஸ் அதிகமான மீடியத்துக்குள்ள போன மாதிரி, ஆனா அங்க அதோட வேகம் ரெண்டு மடங்கு ஆகியிருக்கும். தலைகீழா இருக்கேன்னு தோணும். நியூட்டன் வெளிச்சத்தை துகளா நினைச்சப்போ தண்ணிக்குள்ள வேகம் கூடும்னு சொன்னதும் இதே காரணத்தாலதான், 1850ல ஃபூக்கோ தண்ணியில வெளிச்சம் மெதுவாத்தான் போகுதுன்னு அளந்து காட்டினதும் அந்தக் கதை முடிஞ்சது.

இதுல இருந்து தப்பிக்க சிம்பிள் வழி, இண்டெக்ஸ்னதும் வேகத்தை நினைக்காதீங்க, கே-வெக்டரோட நீளத்தை நினைங்க. அலை எவ்ளோ நெருக்கமா மடிஞ்சு இருக்குங்கறதுதான் கே, எலக்ட்ரானுக்கு அதுதான் மொமென்டம். வெளிச்சமோ எலக்ட்ரானோ, கே பெருசானா இண்டெக்ஸ் பெருசு. எலக்ட்ரானுக்கு மொமென்டம் வோல்டேஜோட ஸ்கொயர் ரூட்டா ஏறும், அதனால 100ல இருந்து 400க்கு போனா இண்டெக்ஸ் 2 மடங்கு, 30 டிகிரியில உள்ள வந்தது 14.5 டிகிரியில போகும், ஸ்னெல் விதி அப்படியே பொருந்துது.

இதை படமா வரைஞ்சு பழகிக்கோங்க, பின்னாடி இதுதான் உதவும். எல்லையை ஒரு நேர்க்கோடா போடுங்க. ஒரு பக்கம் ஆரம் 1 உள்ள வட்டம், மறு பக்கம் ஆரம் 2 உள்ள வட்டம், ரெண்டுக்கும் மையம் ஒண்ணு. எல்லையை ஒட்டி இருக்குற கே-வோட பாகம் மாறவே மாறாது, அதனால முதல் வட்டத்துல இருக்குற புள்ளியில இருந்து எல்லைக்கு செங்குத்தா ஒரு கோடு இழுத்து ரெண்டாவது வட்டத்தை எங்க வெட்டுதுன்னு பாருங்க. அங்கதான் புது கே. ரெண்டு இடத்துல வெட்டும், எல்லையை விட்டு தள்ளிப் போறதை எடுத்துக்கோங்க.

படி 3: கால்சைட்டை வரைங்க

1669ல டென்மார்க்ல ராஸ்மஸ் பார்த்தலின் இந்தக் கல்லு வழியா பார்த்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு எழுதினார், ஹைகன்ஸ் 1690ல வெளியிட்ட புத்தகத்துல ஒரு கதிருக்கு உருண்டையும் இன்னொரு கதிருக்கு நீள்வட்ட உருவமும் வரைஞ்சு விளக்கினார். நாம பண்ணப் போறதும் கிட்டத்தட்ட அதுதான், என்ன, அவர் அலை பரவுற வடிவத்தை வரைஞ்சார், நாம கே-வோட வடிவத்தை வரையப் போறோம்.

கால்சைட்டுக்கு சோடியம் மஞ்சள் வெளிச்சத்துல ரெண்டு எண், 1.658, 1.486. கிராஃப் பேப்பர்ல கல்லோட ஆப்டிக் அச்சை (ரெண்டு கதிருக்கும் ஒரே இண்டெக்ஸ் வர்ற திசை) செங்குத்தா வச்சுக்கோங்க. 1.658 ஆரத்துல ஒரு வட்டம், இது சாதாரண கதிருக்கு. அப்புறம் செங்குத்தா 1.658, கிடையா 1.486 அரை அச்சு இருக்குற நீள்வட்டம், இது அசாதாரண கதிருக்கு. இப்போ மையத்துல இருந்து அச்சுக்கு 45 டிகிரியில ஒரு கோடு இழுத்து நீள்வட்டத்தை தொடுற இடத்துல புள்ளி வைங்க. மையத்துல இருந்து புள்ளி வரைக்கும் உள்ள கோடுதான் கே, அலையோட முகம் நகர்ற திசை. அந்தப் புள்ளியில நீள்வட்டத்துக்கு ஒரு தொடுகோடு போட்டு, அதுக்கு செங்குத்தா வெளிய ஒரு அம்பு வரைங்க, அதுதான் எனர்ஜி போற திசை, கண்ணுக்கு தெரியுற கதிர். வட்டத்துக்கு இது ரெண்டும் ஒரே திசை, நீள்வட்டத்துக்கு ஒரே திசை இல்ல. முழு கட்டுரையும் இந்த ஒரு வரிதான்.

கணக்கா வேணும்னா, எல்லா கோணத்தையும் நீளமான அச்சுல இருந்து அளந்துக்கோங்க: கதிர் கோணத்தோட டேன் = (நீள அரை அச்சு ÷ குட்டை அரை அச்சு) ஸ்கொயர் × கே கோணத்தோட டேன். கால்சைட்டுக்கு 1.658 ÷ 1.486 ஸ்கொயர் பண்ணினா 1.245, 45 டிகிரிக்கு டேன் 1, அதனால கதிர் 51.2 டிகிரியில போகும். வித்தியாசம் 6.2 டிகிரி.

கல் கையில இருந்தா செக் பண்ணிடலாம். கால்சைட் தானா பிளக்குற முகத்துக்கு ஆப்டிக் அச்சு ஏறக்குறைய 45 டிகிரியிலதான் இருக்கும், அதனால பேப்பர்ல ஒரு புள்ளி வச்சு மேல கல்லை வச்சு நேர் மேல இருந்து பார்த்தா, 1 செ.மீ. தடிமனுக்கு ரெண்டு புள்ளியும் சுமார் 1.1 மி.மீ. தள்ளித் தெரியணும். கல்லை அப்படியே சுத்துங்க, ஒரு புள்ளி அசையாது, இன்னொண்ணு அதைச் சுத்தி வரும், போலரைசர் வழியா பார்த்துக்கிட்டே அதை திருப்பினா ஒரு புள்ளி மறைஞ்சு இன்னொண்ணு வரும். செங்குத்தா உள்ள நுழைஞ்ச வெளிச்சம் ஏன் சாஞ்சு போகணும், ஸ்னெல் விதிப்படி நேரா தானே போகணும்னு கேப்பீங்க. ஸ்னெல் விதி கே-வுக்கு மட்டும்தான், கே நேராத்தான் போகுது, அலையோட முகம் சாயவே இல்ல, எனர்ஜிதான் பக்கவாட்டுல வழுக்கிப் போகுது.

படி 4: அதே படம், சிலிக்கான்

எலக்ட்ரானுக்கு கே-வெளியில ஒரே எனர்ஜி இருக்குற புள்ளிகளை எல்லாம் இணைச்சா ஒரு மேற்பரப்பு வரும். எலக்ட்ரான் அலைக்கட்டு போற வேகம், அதாவது குரூப் வெலாசிட்டி, அந்த மேற்பரப்புக்கு செங்குத்தா இருக்கும். வெளிச்சத்துக்கு ஒரே ஃப்ரீக்வென்சி மேற்பரப்பு, எலக்ட்ரானுக்கு ஒரே எனர்ஜி மேற்பரப்பு, மத்தபடி வரையற முறையில ஒரு மாத்தமும் இல்ல.

சிலிக்கான்ல இந்த மேற்பரப்பு நீள்வட்ட உருண்டை. அரை அச்சோட நீளம் மாஸோட ஸ்கொயர் ரூட்டுக்கு ஏத்த மாதிரி, 0.92க்கு 0.96, 0.19க்கு 0.44. சில புத்தகத்துல 0.98னு இருக்கும், பெரிய வித்தியாசம் இல்ல, கவலைப்படாதீங்க. கால்சைட்ல நீள அச்சும் குட்டை அச்சும் 1.12 மடங்குதான், இங்க 2.2 மடங்கு. அதே ஃபார்முலாவுல போட்டா ஸ்கொயர் பண்ணினது 4.84 (அதாவது 0.92 ÷ 0.19, ரெண்டு மாஸோட விகிதமேதான்), 45 டிகிரி கே-வுக்கு (கே-வை நீள்வட்டத்தோட மையத்துல இருந்து அளந்துக்கோங்க) எலக்ட்ரான் போற திசை 78 டிகிரி. கால்சைட்ல 6 டிகிரி விலகினது இங்க 33 டிகிரி விலகுது. ஜெர்மேனியத்துக்கு 1.59, 0.082 போட்டுப் பாருங்க, 87 டிகிரி வரும், அதாவது கே எங்கயோ பார்த்துக்கிட்டு இருக்கு, எலக்ட்ரான் கிட்டத்தட்ட குட்டை அச்சு பக்கமே ஓடுது.

இப்போ மாஸை திரும்ப எடுத்துக்கலாம். திசைக்குத் திசை மாஸ்னா எலக்ட்ரானுக்கு எடை மாறுதுன்னு அர்த்தம் இல்ல, இந்த மேற்பரப்பு எவ்ளோ தட்டையா எவ்ளோ நீளமா இருக்குங்கறதுக்கு போட்ட பேருதான் அது. கோயில் தேரை வடம் பிடிக்கும்போது கொஞ்சம் சாச்சு இழுத்தாலும் தேர் சக்கரம் இருக்குற பக்கம்தானே நகரும், இழுக்குற திசையும் நகர்ற திசையும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, மாஸ் டென்சர் சொல்றது இவ்ளோதான்.

இங்க ஒரு சந்தேகம் வரணும், வரலைன்னா திரும்ப படிங்க: இவ்ளோ கோணலா ஓடுற எலக்ட்ரான் இருக்குற சிலிக்கான் துண்டை எந்தப் பக்கம் வச்சு அளந்தாலும் ரெசிஸ்டிவிட்டி ஏன் ஒண்ணா இருக்கு? ஏன்னா சிலிக்கான்ல இந்த மாதிரி நீள்வட்டம் ஒண்ணு இல்ல, ஆறு இருக்கு, மூணு அச்சுலயும் ரெண்டு ரெண்டு. எல்லாத்துலயும் எலக்ட்ரான் சமமா நிறைஞ்சிருந்தா கோணல் எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு சராசரியா 0.26 மாஸ்னு சமமா தெரியும். கிரிஸ்டலை ஒரு பக்கம் இழுத்துப் பிடிச்சா இந்த ஆறும் சமமா இருக்காது, சிலதுல எலக்ட்ரான் கூடும், சிலதுல குறையும், லேசான மாஸ் பக்கம் கரண்ட் ஓடுற மாதிரி அமைச்சுக்கிட்டா டிரான்சிஸ்டர் வேகம் கூடும். 2003ல இன்டெல் 90 நானோமீட்டர் சிப்ல ஸ்ட்ரெயின்ட் சிலிக்கான்னு கொண்டு வந்ததுக்குப் பின்னாடி இந்த மாதிரி கணக்குதான் இருக்கு. இந்த நீள்வட்டங்களை நிஜமாவே அளந்தது 1950கள்ல, சைக்ளோட்ரான் ரெசொனன்ஸ்னு ஒரு முறையில, டிரெசல்ஹாஸ், கிப், கிட்டல் மூணு பேரும் 1955ல போட்ட பேப்பர் அதுல முக்கியமானது.

படி 5: மேக்னெட்டிக் ஃபீல்டு, தள்ளி வச்ச வட்டம்

இது கஷ்டமான படி, அவசரப்படாதீங்க. கிரிஸ்டல் இல்லாத வெறும் வேக்குவம்ல போற எலக்ட்ரானுக்கு மேக்னெட்டிக் ஃபீல்டு போட்டா, கே-வுக்கு பொருந்துற மொமென்டம் வெறும் மாஸ் × வேகம் இல்ல, அதுல இருந்து எலக்ட்ரான் சார்ஜ் × வெக்டர் பொட்டென்ஷியல் கழியும் (எலக்ட்ரான் நெகட்டிவ்ங்கறதால கழித்தல்; வெக்டர் பொட்டென்ஷியல்னா மேக்னெட்டிக் ஃபீல்டை கணக்குல எழுத உதவுற ஒரு வெக்டர்). படமா பார்த்தா ஆரம் மாறாத வட்டம்தான், ஆனா அதோட மையம் பூஜ்யத்துல இருந்து தள்ளிப் போயிடும். மொமென்டம் பூஜ்யத்துல இருந்து புள்ளி வரைக்கும், எலக்ட்ரான் போற திசை வட்டத்துக்கு செங்குத்து, அதாவது வட்டத்தோட மையத்துல இருந்து புள்ளி வரைக்கும். ரெண்டும் மறுபடியும் வேற வேற திசை.

கால்சைட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு, வரைஞ்சா உடனே தெரியும். கால்சைட்ல போற வழியும் வர்ற வழியும் ஒரே இண்டெக்ஸ், நீள்வட்டத்தை தலைகீழா திருப்பினாலும் அதேதான். தள்ளி வச்ச வட்டத்துக்கு அது கிடையாது, போறப்போ ஒரு இண்டெக்ஸ், திரும்பி வர்றப்போ இன்னொரு இண்டெக்ஸ். அதனாலதான் மேக்னெட்டிக் ஃபீல்டுல எலக்ட்ரானை பின்னாடி திருப்பி அனுப்பினா வந்த வழியிலயே போகாது, வேற பக்கம் வளையும். வெளிச்சத்துல இதுக்கு ஜோடி தேடினா கால்சைட் பக்கம் போகாதீங்க, ஓடுற தண்ணி பக்கம் போங்க, 1851ல ஃபிசோ ஓடுற தண்ணிக்குள்ள வெளிச்சத்தை அனுப்பி ஓட்டத்தோட ஒரு வேகம், எதிர்ல ஒரு வேகம்னு காட்டினார், கணக்குல தண்ணியோட ஓட்டம் இருக்குற இடத்துல வெக்டர் பொட்டென்ஷியல் வந்து உக்காரும்.

வட்டம் எல்லா இடத்துலயும் ஒரே அளவு தள்ளி இருந்தா எலக்ட்ரான் நேராத்தான் போகும், இடத்துக்கு இடம் வேற அளவு தள்ளி, அதுலயும் அந்தத் தள்ளல்ல ஒரு சுழற்சி இருந்தாத்தான் வளையும், அந்த சுழற்சிதான் மேக்னெட்டிக் ஃபீல்டு. கையால போட்டுப் பார்க்க ஒரு எண்: 1000 வோல்ட் எலக்ட்ரான், 1 மில்லிடெஸ்லா ஃபீல்டு, பாதை 10.7 செ.மீ. ஆரத்துல வட்டமா வரணும். 1926ல ஹான்ஸ் புஷ் ஒரு காயிலோட ஃபீல்டு எலக்ட்ரானுக்கு லென்ஸ் மாதிரி வேலை செய்யும்னு காட்டினார், 1931ல பெர்லின்ல க்னோலும் ரஸ்காவும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை ஆரம்பிச்சாங்க, ரஸ்காவுக்கு நோபல் வந்தது 1986ல, அவ்ளோ லேட்டா. நம்ம ஊர்லயும் இந்த வழியில வேலை நடந்திருக்கு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தோட ஆர். ஜெகந்நாதன், சைமன், சுதர்சன், முகுந்தா இவங்களோட சேர்ந்து 1989ல மேக்னெட்டிக் லென்ஸுக்கு டிராக் சமன்பாட்டுல (ரிலேட்டிவிட்டியையும் சேர்த்த எலக்ட்ரான் சமன்பாடு) இருந்தே தியரி போட்டார்.

ஒரு எச்சரிக்கை. வெக்டர் பொட்டென்ஷியலை ஒரே ஃபீல்டுக்கு பல விதமா எழுதலாம், ஒவ்வொண்ணுக்கும் வட்டம் வேற இடத்துல போய் உக்காரும், அதனால "இந்த இடத்துல எலக்ட்ரானோட இண்டெக்ஸ் எவ்ளோ"ன்னு கேட்டா ஒரே பதில் கிடையாது. பாதை மாறாது, ஒரு முழு சுத்து சுத்தி வந்தா கிடைக்கிற ஃபேஸும் (அலை தன்னோட மேடு பள்ளத்துல எந்த இடத்துல இருக்குங்கறது) மாறாது, நடுவுல வர்ற இண்டெக்ஸ் மட்டும் நம்ம இஷ்டம். கால்சைட்ல 1.658ங்கறது அளந்து வச்ச எண், இது அப்படி இல்ல. லண்டன்ல எஹ்ரன்பெர்க், சிடே ரெண்டு பேரும் 1949ல இந்த எலக்ட்ரான் இண்டெக்ஸை ஒழுங்கா எழுதப் போய், ஃபீல்டே இல்லாத வழியா ரெண்டு எலக்ட்ரான் அலை போனாலும் நடுவுல அடைபட்டிருக்குற மேக்னெட்டிக் ஃப்ளக்ஸால ஃபேஸ் மாறும்னு கண்டுபிடிச்சாங்க, யாரும் பெருசா கண்டுக்கல. பத்து வருஷம் கழிச்சு 1959ல ஆரனோவ், போம் அதையே தனியா சொன்னதும் அது அவங்க பேர்லயே நின்னுடுச்சு. 1986ல ஹிட்டாச்சியில டோனோமுரா குழு ஒரு குட்டி மேக்னெட் வளையத்தை சூப்பர் கண்டக்டரால மூடி, ஃபீல்டு வெளிய கசியாம பண்ணி, எலக்ட்ரான் ஹோலோகிராஃபியில அந்த ஃபேஸ் மாற்றத்தை படமாவே எடுத்துட்டாங்க.

படி 6: படம் எங்க உடையும்

வெளிச்சம் கல்லுக்குள்ள செ.மீ. கணக்குல தடையில்லாம போகும். அறை வெப்பத்துல சிலிக்கான் எலக்ட்ரான் சில பத்து நானோமீட்டருக்குள்ளயே முட்டி மோதி திசை மாறிடும், அதனால கதிர்னு நீங்க வரையறது ரெண்டு மோதலுக்கு நடுவுல மட்டும்தான் செல்லும். கதிர் மாதிரியே நிஜமா பார்க்கணும்னா சுத்தமான பொருள், ரொம்ப குளிர் ரெண்டும் வேணும், 1974ல ட்சோய் பிஸ்மத் கிரிஸ்டல்ல மேக்னெட்டிக் ஃபீல்டை வச்சு எலக்ட்ரானை ஃபோகஸ் பண்ணினது அப்படித்தான்.

இன்னொண்ணு, வெளிச்சத்துக்கு ரெண்டு போலரைசேஷன் இருக்குறதால எப்பவும் ரெண்டு மேற்பரப்பு, நாம கால்சைட்டுக்கு வட்டம், நீள்வட்டம்னு ரெண்டு போட்டோமே அது. சிலிக்கான்ல எலக்ட்ரான் ஸ்பின் ரெண்டுக்கும் ஒரே மேற்பரப்புதான், அதனால கல்லுல ரெண்டு புள்ளி தெரிஞ்ச மாதிரி இங்க ஸ்பின்னால கதிர் ரெண்டா பிரியும்னு எதிர்பார்க்காதீங்க. இந்த ரெண்டு மேற்பரப்பும் ஒரு புள்ளியில கூம்பு மாதிரி தொட்டுக்கிற பைஆக்சியல் (ரெண்டு ஆப்டிக் அச்சு இருக்குற) கிரிஸ்டல்களும் உண்டு, அங்க ஒரே கதிர் கூம்பா விரியும்னு ஹாமில்டன் 1832ல சொன்னதும் லாயிட் அரகோனைட் கல்லுல அதை உடனே காட்டிட்டார், 1941ல பெங்களூர்ல சி.வி. ராமன் குழு நாஃப்தலீன்ல, ஆமா நம்ம பீரோவுல போடுற அந்துருண்டைதான், அதோட கிரிஸ்டல்ல இதை இன்னும் பெருசா காட்டினாங்க. கிராஃபீன்ல (ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாள்) பேசுற டிராக் கூம்பும் வடிவத்துல இதே மாதிரி ரெண்டு தாள் தொடுற புள்ளிதான்.

கிராஃபீன் வந்ததால கடைசியா ஒரு பயிற்சி. படி 2ல போட்ட எல்லைப் படத்தை திரும்ப எடுங்க, ரெண்டு பக்கமும் சம ஆரத்துல வட்டம் போடுங்க, ஆனா வலது பக்கம் கே பெருசாக பெருசாக எனர்ஜி குறையுதுன்னு வச்சுக்கோங்க, கிராஃபீனோட பி-என் ஜங்ஷன்ல (எலக்ட்ரான் ஓடுற பகுதியும் ஹோல் ஓடுற பகுதியும் சேர்ற எல்லை) அப்படித்தான். அப்போ வலது வட்டத்துல எலக்ட்ரான் போற அம்பு உள்பக்கமா திரும்பும். எல்லையை விட்டு தள்ளிப் போறதை எடுங்கன்னு சொன்னேன்ல, அதை கே-வை பார்த்து எடுக்கக் கூடாது, அம்பை பார்த்து எடுக்கணும், எடுத்தா கதிர் நார்மலோட தப்பான பக்கம் வளைஞ்சு போகும், ஒரு புள்ளியில இருந்து விரிஞ்ச கதிர்கள் மறு பக்கம் திரும்ப ஒரு புள்ளியில வந்து சேரும். 2007ல சியானோவ், ஃபால்கோ, ஆல்ட்ஷுலர் இதை கணக்குல சொன்னாங்க, 2015, 2016ல எக்ஸ்பெரிமென்ட்ல வந்துடுச்சு. 30 டிகிரியில உள்ள வர்ற கதிரை வச்சு வரைஞ்சு பாருங்க, மைனஸ் 30 வரணும். வரலைன்னா அம்பை வட்டத்துக்கு வெளிய வரைஞ்சிருப்பீங்க.